அர்த்தனாரி வேலையை விட்ட விதம்

ஆத்தூர் போகிற வழியில் ஒரு சேகோ ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிற இடம். அங்கே களத்தில் மாவு காயவைக்க நாலு பேர் இருந்தார்கள். அர்த்தனாரி, செங்கோடன், அத்தப்பன், தம்மண்ணன். நாலு பேரையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு ஆளுக்குரிய மூளை தேறாது. ஊருக்கே தெரிந்த விஷயம். அவர்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், வேறு யாரோ நாலு பேர் என்று நினைத்துச் சிரித்திருப்பார்கள்.

அர்த்தனாரிக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வையாபுரி, "சூப்பர்வைசருக்குத்தான் என் பொண்ணு. களத்துல மாவு கிண்டுறவனுக்குக் கிடையாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் அந்த வேலை எப்படியோ அமைந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், அங்கேயும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் பழைய இடத்தில் விடுவித்த கடிதத்தோடு வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆள்.

சனிக்கிழமை ஆபீஸ் டைப்பிஸ்ட் வளர்மதியிடம் போனான். "அக்கா, வேலையை விடுறதுக்கு எப்படி எழுதுறது?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "சுருக்கமா எழுது. குறை சொல்லாத. தெரிஞ்ச கதையெல்லாம் அளக்காத. கடைசியில நன்றி சொல்லு. போ."

எடை மேடைக்குப் பின்னால் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மேலே 'பொருள்: ராஜினாமா' என்று எழுதி, கீழே 'ஐயா, நான் வேலையை விடுகிறேன், நன்றி' என்று அர்த்தனாரி முடித்தான். மற்ற மனிதர்களாக இருந்தால் அதோடு எழுந்து போயிருப்பார்கள்.

"நீளம்" என்றான் தம்மண்ணன். அவன் பள்ளிக்கூடம் போனவன்.

"எதைண்ணா எடுக்கிறது?"

"'நான்' எதுக்குடா? எழுதுறது நீதான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணா."

"தெரிஞ்ச கதையை அளக்காதன்னு அக்கா சொல்லிச்சா இல்லியா? பேரும் வேண்டாம். முதலாளிக்கு உன்னைத் தெரியும்."

செங்கோடனுக்கு வேறு கவலை. "வேலையை விடுறேன்னு சொன்னாலே குறை சொன்ன மாதிரிதானே? நல்லா இருந்தா ஏன்டா விடுறேன்னு கேட்பாரு."

அதுவும் அடிபட்டது. மிஞ்சியது இவ்வளவுதான்: பொருள்: ராஜினாமா. ஐயா, நன்றி. மேலே உள்ளதையும் எடுக்க ஆசைதான். கையெழுத்து அழகாக விழுந்திருந்ததால் விட்டுவிட்டார்கள்.

அத்தப்பனின் சித்தப்பா பத்திர ஆபீஸ் வாசலில் சர்பத் கடை வைத்திருந்தார். அதனால் குடும்பத்துக்கே சட்டம் அத்துப்படி. "சாட்சிக் கையெழுத்து இல்லாத காகிதம் செல்லாதுடா" என்றான். மூன்று பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அர்த்தனாரி பேனாவை வாங்கப் போக, அத்தப்பன் கையைத் தட்டிவிட்டான்.

"உன் காரியத்துக்கு நீயே சாட்சியா? வெக்கமா இல்ல?"

அர்த்தனாரிக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

முதலாளிக்குப் படிக்கத் தெரியும். படித்ததைப் பற்றி யோசிக்கிற பழக்கம்தான் இல்லை. கையெழுத்துப் போட்டிருந்த மூன்று பேரையும் 'விடுவித்தாயிற்று' என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினார். காகிதம் திரும்பி வந்ததும் நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "ஒரு திருத்தம் சொல்லலை பாத்தியா?" என்றான் தம்மண்ணன். "எழுத்துன்னா இது!"

திங்கட்கிழமை காலையில் அர்த்தனாரியை வழியனுப்ப எல்லாரும் ஆலைக்கு வந்தார்கள். வாட்ச்மேன் மூன்று பேரைத் தடுத்தான்.

"உங்களுக்கு வேலை போச்சு."

"யோவ், நாங்க வெறும் சாட்சி!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அர்த்தனாரி, நீ என்ன வேடிக்கை பாக்குற? லேட்டாச்சு, உள்ள போ."

வாசலிலேயே ஆலோசனை நடந்தது. "விடுவிச்சது எங்களை. நீ இன்னும் இந்த ஆலை ஆளு. நாமக்கல்லுக்கு நீ போனா அது பொய்யாயிடும்" என்றான் அத்தப்பன். "நாங்க போயி விஷயத்தைச் சொல்லிட்டு வர்றோம்."

"சரி. கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணா. அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்" என்று அனுப்பினான் அர்த்தனாரி.

தீவன ஆலை மேனேஜர், "பழைய இடத்துக் கடிதம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்குங்க." "இன்னிக்கே சேர முடியுமா?" "முடியுங்க." அர்த்தனாரியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததை இவர்கள் சொல்லவில்லை. மூன்று பேரும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

இங்கே முதலாளி அர்த்தனாரியைக் கூப்பிட்டார். "எல்லாரும் ஓடினப்ப நின்னவன் நீ ஒருத்தன்தான்டா. இன்னியிலிருந்து நீதான் களத்துக்குச் சூப்பர்வைசர்."

"எனக்குக் கீழ யாருங்க?"

"களத்துல யாரு இருக்கா?"

"நான் இருக்கேங்க."

"அப்புறம் என்ன கேள்வி?"

சேதி கேட்டு வையாபுரி மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார். களத்து நடுவில் அர்த்தனாரி இடுப்பில் கை வைத்து நின்று, "ஏன்டா, மாவு கட்டி தட்டிப்போச்சு, கண்ணை எங்க வச்சிருந்த?" என்று கத்தினான். பிறகு நகர்ந்து எதிர்ப்பக்கம் நின்று தலையைக் குனிந்து, "தப்புதானுங்க சார்" என்றான். வேலி ஓரமாக நின்று வையாபுரி வெகுநேரம் கவனித்தார்.

"கண்டிப்பான ஆளுதான் மாப்பிள்ளே. எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றார். "அந்த வேலைக்காரப் பயதான் சரியில்ல. முழியே திருட்டு முழி. அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டாம்."

"சத்தியமா கூப்பிட மாட்டேன் மாமா. எனக்கும் அவனைக் கண்டா ஆகாது."

கல்யாணத்தன்று ராசிபுரம் மண்டபத்தில் மேளம் முழங்குகிறது. பெண் மணையில் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம். பெண்ணின் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் பறந்தான். அர்த்தனாரி களத்தில் மாவு கிண்டிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளே! முகூர்த்தம் தாண்டப் போகுது!"

"நான் எப்படி வர்றது மச்சான்? இவனைத்தான் கூப்பிட வேண்டாம்னு சொல்லியாச்சே. தனியா விட்டுட்டு வந்தா வேலை செய்வானா இவன்?"

அண்ணன் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னான். வையாபுரிக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா? சூப்பர்வைசர்னா இப்படி இருக்கணும்!" என்றார். உடனே தலைவாழை இலையில் விருந்தைக் கட்டி, மகனிடமே களத்துக்குக் கொடுத்தனுப்பினார். சாப்பிடும்போது அந்த வேலைக்காரப் பயலுக்கு ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது, பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வா என்று கண்டித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.