சாம்பல் வளையம்

தூத்துக்குடியில் நஸ்ரின் என்று ஒரு குரு இருந்தாள். வயது முப்பத்தொன்று. ஆசிரமம் என்று சொல்ல அவளுக்கு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் காற்றடிக்கும் ஒரு கம்ப்ரஸர், ஒரு நீள மேசை, வண்ணம் ஊறிப்போன இரண்டு முக்காலிகள். சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகளுக்கு, பேனா போன்ற கருவியில் காற்றோடு வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷால் வண்ணம் பூசக் கற்றுக்கொடுப்பாள். அவளுடைய சீடர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய அப்பாவின் வயது.

அவர்களில் ஒருவர் சிவசைலம். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க டீச்சர். இனிமே இங்க அவன் வரணுமா, நான் வரணுமா?"

"எவன் சார்?"

"வேற எவன்? லூர்துராஜ்தான்."

நஸ்ரின் முக்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

லூர்துராஜும் அவரும் ஒரே துறைமுகத்தில் முப்பது வருடம். லூர்துராஜ் இழுவைப் படகில் கயிறு பார்த்தவர். அந்தப் படகையே ஒரு முழ நீளப் பொம்மையாக இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். மேல்தளம் சாம்பல். நீருக்குள் இருக்கும் அடிப்பகுதி சிவப்பு. மாலுமி அறை வெள்ளை.

"புதன்கிழமை வீட்டுல வெச்சு நான் சாம்பல் அடிச்சேன். வியாழக்கிழமை இவன் வந்து, அடிப்பக்கம் நான் அடிக்கேன், உன் ஏர்பிரஷக் குடுன்னான். குடுத்தேன். வெள்ளிக்கிழமை கைக்குட்டையில சுத்திக் கொண்டாந்து குடுத்தான், என்னமோ சீதனம் குடுக்கற மாதிரி. நேத்து நான் வெள்ளை அடிச்சா என்ன வருது தெரியுமா? ஒண்ணும் வரல. அப்புறம் துப்புது. சிவப்பு சிவப்பா. மாலுமி அறைக்கு அம்மை போட்டுருச்சு டீச்சர்."

"ம்."

"இரவல் வாங்கினவனுக்குக் கழுவித் தரத் தெரியாதா? கல்யாண வீட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவிக் குடுக்காங்க. எல்லாம் திமிர். அவன் பொருளா இருந்தா இப்படிச் செய்வானா?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்கறதா? எழுதி அனுப்பிட்டேன்."

போனை நீட்டினார். அவள் நியாயம் என்று சொல்லப்போகிறாள் என்ற நம்பிக்கை அந்தக் கையில் இருந்தது. நஸ்ரின் படித்தாள். நீளமான செய்தி. கடைசி வரி இது: 'உன் கையில் எது உருப்பட்டது? அன்றைக்குக் கயிறு அறுந்ததும் உன் கையில்தான்.'

அது என்ன கயிறு என்று அவள் கேட்டாள்.

"அது பழைய கதை. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. கப்பலை இழுக்கும்போது கயிறு அறுந்து ஒரு பையனுக்குக் கால் போயிருச்சு. விசாரணை வெச்சாங்க. கயிறுதான் நைஞ்சு போனது, இவன் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. இது கோபத்துல வந்த வார்த்தை. என்ன, தப்பா?"

செய்தியின் கீழே, லூர்துராஜ் படித்துவிட்டார் என்று காட்டும் இரண்டு நீலக் குறிகள் விழுந்திருந்தன. பதில் இல்லை. நஸ்ரின் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லுங்க டீச்சர். இதக் கெடுத்தது யாரு?"

"கொண்டாங்க."

அதே கைக்குட்டையில்தான் சுற்றியிருந்தது. வெளுத்து, இஸ்திரி போட்ட கைக்குட்டை. அவள் அதை மடித்து ஓரமாக வைத்தாள். ஏர்பிரஷின் குப்பியில் கிளீனர் ஊற்றினாள். முன்வாயைத் துணி சுற்றிய விரலால் அடைத்து, விசையை லேசாக அழுத்தினாள். வெளியே போக வழியில்லாத காற்று வந்த வழியே திரும்பிக் குப்பிக்குள் குமிழியிட்டது. பால் போல வெள்ளை கலங்கியது. அதன் நடுவே சிவப்புத் துணுக்குகள் மிதந்தன.

"பாத்தீங்களா?" என்றார் சிவசைலம். ஒரு வழக்கில் ஜெயித்தவரைப் போல அப்போதுதான் உட்கார்ந்தார். "அவன் சிவப்பு."

"அவர் சிவப்புதான்."

கொட்டினாள். மறுபடி ஊற்றினாள். ரோஜா நிறம் வந்தது. இன்னொரு முறை. தெளிந்த நீர் வந்தது.

"முடிஞ்சுதா?"

அவள் கட்டைவிரல் அளவு ஸ்பேனரை எடுத்து, முனையில் வண்ணம் வெளிவரும் துளையான நாசிலைக் கழற்றினாள். அரிசிமணியைவிடச் சற்றுப் பெரியது. ஒரு மூடியில் கிளீனர் ஊற்றி அதற்குள் போட்டாள்.

"கால் மணி நேரம் ஊறணும்."

"நான் தீர்ப்பு கேட்டு வந்தேன். நீங்க பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கீங்க."

"டீ குடிக்கிறீங்களா சார்?"

வேண்டாம் என்றார். அவள் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள். கால் மணி நேரமும் அவர் லூர்துராஜின் குற்றங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சிவசைலத்தின் மகள் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தது. சீட்டாட்டத்தில் அழுகுணி ஆட்டம் ஆடியது. சிவசைலத்தின் மனைவி இறந்த மாதம் முழுக்கத் தினமும் வந்து, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசிக் குற்றத்தைச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே அதை ஏற்றிக்கொண்டார்.

நஸ்ரின் நாசிலை எடுத்தாள். முடி போன்ற ஒரு சின்னத் தூரிகையை உள்ளே விட்டுத் திருப்பி, மெல்ல இழுத்தாள். ஏதோ ஒன்று கழன்று வந்தது. அதை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஒரு வளையம். உலர்ந்து தோல் போல ஆகியிருந்தது. உள்விளிம்பில் சிவப்பு ஒட்டியிருந்தது. வளையம் சாம்பல்.

சிவசைலம் வெகுநேரம் பார்த்தார்.

"புதன்கிழமை என்ன ஆச்சு சார்?"

"ஒண்ணும் ஆகல. அடிச்சு முடிக்கும்போது கரண்ட் போச்சு. கம்ப்ரஸர் நின்னுருச்சு."

"அப்புறம்?"

"மூணு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. உடனே தண்ணி விட்டுக் கழுவினேனே. தெளிவாத்தான் வந்துச்சு டீச்சர். கண்ணால பார்த்தேன்."

"அதுக்குள்ள ஓரமாக் காஞ்சு ஒட்டிக்கிச்சு. நடுவுல வழி இருந்துருக்கு. தெளிவாத்தான் வரும்."

அவர் பூதக்கண்ணாடியைத் தள்ளிவைத்தார். "சரி. என் சாம்பல்தான். ஆனா அவனும் ஒழுங்காக் கழுவியிருந்தா..."

அவள் அதைக் காதில் வாங்காதவள் போல ஊசியை உருவினாள். கருவியின் நடுவே ஓடுகிற நீள ஊசி. அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விரலால் உருட்டினாள். உடல் நேராக உருண்டது. முனை மட்டும் நொண்டியது.

"இது எப்போ வளைஞ்சுது?"

"அவன்தான் கீழ போட்ருப்பான். வேற எப்படி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு சின்னச் சிவந்த புள்ளி இருந்தது. ஊசியின் பின்முனை பதிந்த இடம்.

"நேத்து வரலன்னதும், அடைப்பு எடுக்கலாம்னு..." என்றார். "பின்னால இருந்து ஓங்கி ரெண்டு குத்து குத்தினேன்."

"எப்போ? செய்தி அனுப்பறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"ஒரே நேரந்தான்."

கீழே தெருவில் மீன்காரியின் குரல் கேட்டுத் தேய்ந்தது. நஸ்ரின் மெல்லிய உப்புத்தாளின் மேல் ஊசியைச் சாய்த்துப் பிடித்து உருட்டத் தொடங்கினாள். அழுத்தாமல், ஒரே திசையில், நகத்தில் தட்டிப் பார்த்துப் பார்த்து. நெடுநேரம் ஆயிற்று. அவர் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, கறுப்பு வண்ணம் ஊற்றி, தாளில் ஒரு கோடு இழுத்தாள். கோடு வந்தது. கூர்ந்து பார்த்தால் இடப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது.

"இது நேராகுமா?"

"இதுக்கு மேல தேய்ச்சா ஊசி மிஞ்சாது. இந்தச் சாய்வு இருக்கும். தெரிஞ்சுக்கிட்டுக் கையை வெச்சுக்கணும்."

சிவசைலம் தலையாட்டினார். கைக்குட்டையை எடுத்து ஏர்பிரஷைச் சுற்றினார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி சுற்றினார். பிறகு போனை எடுத்தார். செய்தியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தார். எல்லோருக்கும் நீக்கவா என்று திரை கேட்டது.

"டீச்சர்," என்றார், தலை நிமிராமல். "இன்னும் அழிக்கலாம்னு காட்டுது. அழிச்சிரட்டுமா?"

நஸ்ரின் நாசில் ஊறிய மூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அழிங்க சார். புதன்கிழமை மாதிரி தெளிவாத்தான் தெரியும்."