உப்புத் தின்ற புங்கமரம்

அந்தக் காலத்தில் மரங்கள் வாய் திறந்து பேசின; நிழல்களோ எருமைகளைப் போல மந்தை மந்தையாகத் திரிந்தன. இலை கண்ட இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். சித்திரை பிறந்தால் மரங்களெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு மழைவரும்வரை தூங்கிப்போகும். படுக்க இடமில்லாத நிழல்கள் கடலுக்குள் இறங்கிவிடும்.

அப்படியொரு சித்திரையில் கடற்கரைக் காத்தாயி உப்பு விற்கப் புறப்பட்டாள். அவளுக்கென்று இருந்த ஒரே உயிர், பொதி சுமக்கும் மயிலைக்காளை. உச்சிவெயிலில் சாலை கானலாகி ஆறுபோல் நெளிந்தது. அதைத் தண்ணீரென்று நம்பி நாக்கை நீட்டிக்கொண்டே நடந்த காளை, மொட்டைப் புங்கமரத்தடியில் சரிந்தது.

"காத்தாயி, கடலு எனக்குள்ள வந்துட்டுது. அலை அடிக்குது."

"பிதற்றாத. எழுந்திரு, ராசா."

"நீ நட. நான் இப்படியே மிதந்து வர்றேன்."

காத்தாயி சுரைக்குடுவையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. புங்கனைத் தட்டி எழுப்பினாள்.

"அண்ணே! நாலு இலை விடுங்க. நிழல் வந்தாத்தான் என் காளை பிழைக்கும்."

புங்கன் கொட்டாவி விட்டது. "ஐப்பசியில வா, தங்கச்சி."

உப்புக்காரர்கள் யாரிடமும் வெறுங்கையோடு உதவி கேட்கமாட்டார்கள். ஒருபடி உப்பை முன்னால் வைத்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். அதை மறந்துவிட்டோமே என்ற பதற்றத்தில் படியாவது அளவாவது! காத்தாயி மூட்டையை அவிழ்த்து முழுவதையும் வேரில் கொட்டினாள்.

தூக்கம் கலைந்த புளியமரம் ஒன்று அலறியது. "அடிப் பாவி! மரத்துக்கு உப்பு வைப்பாளா ஒருத்தி? கொன்னுட்டியே!"

காத்தாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். காளையோடு மரமும் போகப்போகிறது.

ஊறுகாய்ப் பானையை வழித்துத் தின்றவனுக்கு வருமே ஒரு தாகம், அது வந்தது புங்கனுக்கு. "தண்ணி! தண்ணி!" என்று வேரைக் கீழே விட்டது. மண்ணைத் தாண்டி, பாறையைத் துளைத்து, பாதாளத்தில் உறங்கிய ஊற்றைப் பிடித்து மடக்மடக்கென்று குடித்தது. குடித்த குடியில் கிளையெல்லாம் குப்பென்று தளிர். முதலில் செம்புநிறம், கண்ணிமைப்பதற்குள் பச்சை.

கடலிலிருந்து ஒரே ஒரு நிழல் தலைதூக்கிப் பார்த்தது. ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து காளையின்மேல் படுத்துக்கொண்டது. காளை ஒரு கண்ணைத் திறந்தது.

"கரை வந்துட்டுதா, காத்தாயி?"

"வந்துட்டுது, ராசா," என்று அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காளை மெல்ல எழுந்து நின்றது.

"நல்ல ஆளும்மா நீ," என்றது புங்கன். "இனி சித்திரையில எனக்கு எங்கே தூக்கம் வரப்போவுது?"

அன்று முதல்தான் புங்கமரம் உவர்மண்ணிலும் சளைக்காமல் வேர்விடுகிறது. தெருவே தீயாய்க் காயும் மாதத்தில் புதுத்தளிர் விட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்கிறது.