வராத பந்து

"சார், உலகம்மாள வெளிய எடுங்க. மூணு பந்து கொடுத்தேன். மூணையும் வெளிய அடிச்சிட்டா."

பவழக்கொடி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம். கடைசி செட். பதினைந்து எடுத்தால் கோப்பை. எதிரணி பதின்மூன்று, இவர்கள் பன்னிரண்டு. சர்வீஸ் இவர்கள் கையில். எதிரணி பயந்துபோய் முப்பது நொடி ஓய்வு கேட்டிருந்தது.

பயிற்சியாளர் சற்குணம் மாஸ்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். இது தனக்குக் கடைசி ஆண்டு என்றாள். முதல் ஆண்டு பந்து பொறுக்கிப் போட்டாள், இரண்டாம் ஆண்டு பெஞ்சில் இருந்தாள், இந்த ஆண்டுதான் செட்டர் ஆனாள். செட்டர் பந்தை அடிப்பவள் அல்ல, அடிப்பவளுக்கு எடுத்துக் கொடுப்பவள். கொடுத்ததெல்லாம் வீணாய்ப் போனால் தன்னை யார் எடுப்பார்கள் என்று கேட்டாள்.

"ஜெனிட்டா ஒருத்தி போதும் சார். எப்படிக் கொடுத்தாலும் புள்ளி எடுக்கா."

"ஒருத்திய வெளிய எடுக்கணும். அவ்வளவுதான?"

"ஆமா சார்."

மாஸ்டர் எண் பலகையைத் தூக்கினார்.

அதில் இருந்தது பவழத்தின் எண்.

அவளுக்குப் பதிலாக முதலாண்டு மாணவி கோமு உள்ளே ஓடினாள். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பவழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழுகைய அப்புறம் வச்சுக்க. எதிர்ல வலைய ஒட்டி நிக்கிற மூணு பேரயும் பாரு. பந்தப் பாக்காத."

பந்தைப் பார்க்காமல் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சர்வீஸ் போனதுமே தலை தானாக மேலே போனது. மாஸ்டர் பலகையை அவள் நெற்றிக்கு மேலே குடைபோலப் பிடித்தார்.

எதிரணி அடித்த பந்தை இங்கே ஒருத்தி விழுந்து எடுத்தாள்.

உலகம்மாள் நடுவில் ஓடிவந்து குதித்தாள். கை ஓங்கியிருந்தது. அவளைத் தடுக்க எதிரே இரண்டு பேர் அவளோடு எழும்பினார்கள்.

பந்து அவளிடம் வரவில்லை.

கோமு அதை ஜெனிட்டாவுக்குக் கொடுத்திருந்தாள். ஜெனிட்டாவின் எதிரே ஒருத்திதான். அவளும் பாதி திரும்பி நின்றாள். அடி விழுந்ததும் தரை அதிர்ந்தது.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

பவழம் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டாள்.

"சார், நான் ஜெனிட்டாவுக்குக் கொடுக்கும்போதும் உலகு இப்படித்தான் குதிச்சாளா?"

"ஒவ்வொரு தடவையும்."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"நீ பந்தப் பாத்துட்டு இருந்த."

பலகை மறுபடி உயர்ந்தது. பவழம் ஓடினாள்.

வலைக்குப் பக்கத்தில் உலகம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வந்துட்டியா? கோமு கொடுத்த பந்து அல்வா மாதிரில்லா இருந்துச்சு."

"உனக்கா கொடுத்தா?"

"இனிமே எனக்கு எவ கொடுக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சர்வீஸ். எதிரணி அடித்தது. பின்னால் இருந்தவள் எடுத்துவிட்டாள்.

பவழம் பந்துக்கு அடியில் போய் நின்றாள். ஆனால் கண் வலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எதிரே மூன்று பேரும் ஜெனிட்டாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். உலகம்மாளை ஒருத்தியும் பார்க்கவில்லை.

பவழம் உலகம்மாளுக்குக் கொடுத்தாள்.

பந்து தன்னிடமே வருவதைக் கண்டு உலகம்மாளுக்கே திகைப்பு. ஆனாலும் அடித்தாள். தடுக்க ஆளில்லாத பந்து கோட்டுக்குள் இறங்கியது.

பதினான்கு.

கூட்டம் நாற்காலிகள் மேல் ஏறி நின்றது. இன்னும் ஒன்று.

அடுத்த பந்தைப் பின்னால் இருந்தவள் கோணலாக எடுத்தாள். அது பவழத்தின் தலைக்கு மேலே பறந்து உலகம்மாளிடம் போனது. இனி எடுத்துக் கொடுக்க வேண்டியவள் உலகம்மாள்தான். செட்டருக்கு அதில் வேலை இல்லை. இப்படிப்பட்ட நேரங்களில் பவழம் ஒதுங்கி நின்று, பந்து போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உலகம்மாள் விரல்களை உயர்த்தினாள். ஜெனிட்டா ஓடத் தொடங்கினாள். மேடையில் இருந்த கண்கள் எல்லாம் ஜெனிட்டாவோடு ஓடின.

பவழம் குதித்தாள்.

கையை ஓங்கி, பந்து தனக்கே வருகிறது என்பதுபோல, உடம்பில் இருந்த உயரம் அத்தனையும் எழும்பிக் குதித்தாள்.

எதிரே மூன்று பேரும் அவளோடு எழும்பினார்கள். ஜெனிட்டாவின் எதிரே ஒருத்தியும் இல்லை.

பந்து எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை.