மைத்துனரும் மருமகனும் தருமாசனமும்

முன்னொரு காலத்தில், அதாவது நீதிபதிகளைச் சொந்தபந்தம் பார்த்து நியமித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மகுடேசன் என்றொரு ராஜா இருந்தார். அவர் நாட்டில் தருமாசனம் என்பதுதான் கடைசி நீதிமன்றம். அங்கே தோற்றவன் அதற்குமேல் ஆகாயத்தைப் பார்த்துத்தான் முறையிட வேண்டும்.

தருமாசனம் காலியானால் ஆள் எடுக்க ஒரு முறை இருந்தது. தலைமை மந்திரியான பிரதானி மழவராயரும் படைத்தலைவரான தளவாய் கச்சிராயரும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெற்றிலை சிவந்த வாயோடு வெளியே வந்து ஒரு பெயரைச் சொல்வார்கள். ஒருமுறை அது பிரதானியின் உறவு, மறுமுறை தளவாயின் உறவு. தருமம் தெரிந்தவர்கள் எல்லாம் இந்த இரண்டு வீட்டிலேயே பிறந்து தொலைத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம்!

இந்தத் தடவை காரியம் கெட்டுப்போனது. கடைசியாக இருந்த நீதிபதி இரண்டு வீட்டுக்குமே சம்பந்தி. ஆகவே, போன முறை யாருடையது, இந்த முறை யாருடையது என்பதில் சண்டை வந்துவிட்டது. "என் மைத்துனர் தருமத்தின் திருவுருவம்" என்றார் பிரதானி. "என் மருமகனின் நிழல்கூட ஒரு பக்கம் சாயாது" என்றார் தளவாய். மாதங்கள் ஓடின. ஆசனத்தில் தூசுதான் அமர்ந்திருந்தது.

அரண்மனை வாசலில் வெள்ளைச்சி என்றொருத்தி காத்துக் கிடந்தாள். ராஜாவின் செல்ல யானை அகத்திக்கீரைக்கு ஆசைப்பட்டு வெற்றிலைக் கொடி படர அகத்தி நட்டிருந்த அவளுடைய கொடிக்காலுக்குள் புகுந்து, அகத்தியையும் தின்று கொடியையும் துவைத்துவிட்டது. "தின்ன ஆனைய நான் குத்தம் சொல்லல சாமி. ஆனா வழக்கக் கேக்க ஒரு ஆள உக்கார வைங்க. இந்த மழைக்குள்ள மறுபடி கொடி வைக்காட்டி நெலத்த விட்டுட்டு ஊர விட்டே போகணும்" என்று காவலரிடம் தினமும் சொல்வாள். காவலர் தினமும் தலையாட்டுவார்கள். அதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம்?

ஒரு நாள் சபையில் மறுபடியும் மைத்துனர், மருமகன் புராணம் தொடங்கியபோது, அரண்மனை விகடர் ஆவுடையார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

பிரதானிக்கு முகம் கறுத்தது. "மகாராஜா! எங்கள் தேர்வைக் கண்டு சிரிக்கும் விகடரே ஆளைச் சொல்லட்டும். சபை ஒரே மனதாக ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அவரை நாடு கடத்த வேண்டும்" என்றார்.

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "அப்படியே ஆகட்டும். ஆவுடையாரே, பொழுது சாய்வதற்குள் சொல்லும்" என்றார். பிரதானியும் தளவாயும் அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"பொழுது சாய்வானேன்?" என்றார் ஆவுடையார். "பிரதானியார் வாக்கையும் தளவாயார் வாக்கையும் அடியேன் அப்படியே நம்புகிறேன். இருவர் சொன்னவருமே அப்பழுக்கற்றவர்கள். இருவரையும் அமர்த்திவிடலாம்."

சபை அசந்துபோனது.

"பிரதானியாருக்கும் தளவாயாருக்கும் மாந்தோப்பு எல்லையில் ஒரு வழக்கு இருக்கிறதல்லவா? முதலில் அதை எடுப்போம். பிரதானியார் தரப்பைத் தளவாயாரின் மருமகன் விசாரிக்கட்டும். தளவாயார் தரப்பைப் பிரதானியாரின் மைத்துனர் விசாரிக்கட்டும். நடுநிலையாளர்களில் யார் விசாரித்தால் என்ன?"

"அந்த மருமகனா?" என்று பிரதானி துள்ளி எழுந்தார். "மாமனார் தும்மினால் தீர்ப்பை மாற்றுவானே, மகாராஜா!"

"உமது மைத்துனர் மட்டும்?" என்று தளவாய் கத்தினார். "அக்காள் வீட்டு மாம்பழத்தில் வளர்ந்த உடம்பு அது!"

"ஐயோ, ஒரு நிமிடத்தில் இரண்டு தருமதேவதைகளும் போய்ச் சேர்ந்துவிட்டனவே" என்று ஆவுடையார் கன்னத்தில் கைவைத்தார். "சரி, மாந்தோப்பு வழக்கை யாரிடம் கொடுத்தால் இருவரும் நிம்மதியாகத் தூங்குவீர்கள்? மகாராஜாவின் காதில் மட்டும் சொல்லுங்கள்."

பிரதானி வந்து காதில் சொன்னார். பிறகு தளவாய் வந்து சொன்னார். ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருவரும் சொன்னது ஒரே பெயர். சாத்தப்பர்!"

சாத்தப்பர் முன்பு கீழ் நீதிமன்றத்தில் இருந்தவர். இரண்டு வீட்டாருக்கும் எதிராகத் தீர்ப்புச் சொன்ன குற்றத்துக்காக, எல்லையில் உப்புச் சாவடியைக் காக்க அனுப்பப்பட்டவர். அனுப்பியவர்களும் இவர்களேதான்.

"சபை ஒரே மனதாகிவிட்டது" என்று ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சாத்தப்பரை வரவழையுங்கள்! அவர் தீர்ப்புக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும்."

"எல்லோருமா, மகாராஜா?" என்றார் ஆவுடையார் பணிவாக. "வாசலில் வெள்ளைச்சி நிற்கிறாள். தங்கள் யானைமீது வழக்கு."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் சொன்ன சொல்லைச் சபை முழுவதும் கேட்டிருந்தது.

சாத்தப்பர் வந்தார், உப்புக் காற்றில் கறுத்த முகத்தோடே ஆசனத்தில் உட்கார்ந்தார். அரண்மனைச் செலவில் வெள்ளைச்சிக்கு அகத்தியும் கொடியும் நட்டுத் தர வேண்டும், கொடி தளிர்க்கும்வரை அந்த யானையே ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் யானை குடத்தோடு தெருவில் போனபோது, "தன் யானைக்கே தண்டனை வாங்கிக் கொடுத்த ராஜா!" என்று ஊரே வாழ்த்தியது. அதைக் கேட்டதும் அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

ஆவுடையாருக்குச் சரிகைச் சால்வை போர்த்தி, "இன்னும் என்ன வேண்டும், கேளும்" என்றார்.

"அடியேனுக்கு ஒரு வழக்கு வரும் நாளிலும் சாத்தப்பரே ஆசனத்தில் இருக்க வேண்டும், மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு சால்வையும் கொடுத்தார். வாக்கு மட்டும் கொடுக்கவில்லை.