முதலில் பாடுகிறவர்கள்

மறுநாள் இறுதி ஆட்டம். ருஃபினோ தன் பழைய குருவைத் தேடிப் போனான்.

குரு என்றால் தாடி வளர்த்தவர் இல்லை. பிலிப்பைன்ஸில், இலோயிலோ நகரத்துக் கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். பெயர் அன்செல்மோ கட்டுலா. ஒரே ஒரு தடவை கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தோல்விமேல் தோல்வி. கல்லூரி அவருக்கு மல்லிகை மாலை போட்டு வழியனுப்பியது. மாலை வாடுவதற்குள் அவர் அறையின் பூட்டை மாற்றிவிட்டது.

அந்த வேலையில் இப்போது ருஃபினோ இருக்கிறான். கோப்பை வந்து சில வருஷம் கழித்துச் சேர்ந்து, கட்டுலாவுக்கு உதவியாளராகப் பந்து மூட்டை சுமந்தே தலை நரைத்தவன்.

வாசலில் கட்டுலாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பெரியவர்களுக்கு அந்த ஊரில் அதுதான் வணக்கம். பிறகு வந்த காரியத்தைச் சொன்னான்.

அணியின் உயிரே ஹிலாரியோ என்ற கடைசி வருஷ மாணவன்தான். அரையிறுதியில் அவனுடைய முழங்கால் பிசகிவிட்டது. ஊசி போட்டால் ஒரு ஆட்டம் தாங்கும், அப்புறம் அந்தக் கால் என்ன ஆகும் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஹிலாரியோ இல்லாமல் ஜெயிக்க வழியில்லை. தோற்றால் ருஃபினோவின் வேலை போய்விடும். அதை நிர்வாகம் காபி கொடுத்து, சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தது.

"அவனை இறக்கலாமா கோச்?"

கட்டுலா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வா, சந்தைக்குப் போய்ட்டு வருவோம். மீன் வாங்கணும்."

ருஃபினோவுக்குக் கோபம் வந்தது. வெள்ளம் தலைக்கு மேல் போகும்போது மனுஷர் மீன் வாங்கக் கிளம்புகிறாரே. கட்டுலாவோடு பழகிய எல்லோருக்கும் எப்போதாவது வந்த கோபம்தான் அது.

தெருமுனையில் டிரைசைக்கிள்கள் நின்றன. மோட்டார் சைக்கிளோடு ஒரு கூண்டை ஒட்டவைத்த வாடகை வண்டிகள். வரிசையில் முதல் வண்டியை விட்டுவிட்டுக் கட்டுலா நாலாவது வண்டியில் ஏறினார். மற்ற ஓட்டுநர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

நாலாவது வண்டிக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வண்டிக்குப் பொருந்தாத உயரம். ருஃபினோ அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருந்தான். பாதி தூரம் போன பிறகுதான் பிடிபட்டது. கல்லூரி ஜிம் சுவரில் தொங்கும் படத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருப்பவர். டெல்ஃபின். கடைசிப் பந்தைக் கூடையில் போட்டவர்.

டெல்ஃபினுக்கு ஒரே சந்தோஷம். வண்டிச் சத்தத்துக்கு மேல் பேசிக்கொண்டே வந்தார். கோப்பை வாங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது, நாளைக்கு எப்படியாவது ஜெயித்துவிடுங்கள் என்றார்.

சந்தையில் அவர் இறங்கி வந்து கட்டுலாவுக்குக் கைகொடுத்தார். வலது கால் மடங்கவில்லை. அதை அரைவட்டமாகச் சுழற்றித்தான் ஒவ்வொரு அடியும் வைத்தார்.

"கால் என்ன ஆச்சு?" என்று கேட்டான் ருஃபினோ.

"கோப்பை ஜெயிச்ச அன்னைக்குப் போனதுதான். ஊசி போட்டுக்கிட்டு ஆடினேன். ஆட்டம் முடியவும் மருந்தோட வேகம் இறங்கவும் சரியா இருந்தது. அந்தப் பாட்டு நேரம்தான் பெரிய பாடாப் போச்சு."

அந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு கல்லூரிப் பாட்டும் பாடுவார்கள். ஆட்டக்காரர்கள் முஷ்டியை உயர்த்தி நிற்க வேண்டும். தோற்றவர்களின் பாட்டு முதலில், ஜெயித்தவர்களின் பாட்டு கடைசியில். ஜெயித்ததால் டெல்ஃபின் இரண்டு பாட்டுக்கும் நிற்க வேண்டியிருந்தது.

"ரெண்டு பேர் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. அழுதேன். சந்தோஷத்துல அழறான்னு எல்லாரும் நினைச்சாங்க." டெல்ஃபின் சிரித்தார். "அதனால என்ன? இப்ப கூப்பிட்டாலும் ஆடுவேன்."

வண்டியைத் திருப்பி நிறுத்த அவர் போனார். கட்டுலா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன் கடைப் பக்கம் போகவே இல்லை.

ஆனாலும் ருஃபினோ மனசுக்குள் வைத்திருந்த கடைசித் துருப்புச் சீட்டை எடுத்துப் போட்டான்.

"கோச், ஹிலாரியோவே கெஞ்சறான். என் கால், என் பொறுப்புன்னு சொல்றான். அவனே சரின்னு சொன்னதுக்கு அப்புறம் என் மேல என்ன தப்பு?"

கட்டுலா வண்டிப் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"நானும் டெல்ஃபின்கிட்ட கேட்டுட்டுத்தான் இறக்கினேன்" என்றார். "நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சரின்னுட்டான்."

மறுநாள் சாயங்காலம் அரங்கத்தில் ருஃபினோவின் கல்லூரிப் பாட்டு முதலில் ஒலித்தது. ஆட்டம் முழுக்கப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஹிலாரியோ எழுந்து, யார் துணையும் இல்லாமல், முஷ்டியை உயர்த்தி நின்று பாடினான். பாட்டு முடிகிறவரை ருஃபினோவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ருஃபினோ அவனுடைய முழங்காலைப் பார்த்தபடி நின்றான்.