மூன்று சிமெண்ட் ஆலைகளின் மனு

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டாவது குளிர்காலம். தெற்கு ஜெர்மனியில் பாதி இடிந்து கிடந்த ஒரு நகரத்தில், பேராசிரியர் ஹோல்ட்ஸ்மனைத் தேடி அவருடைய பழைய மாணவி இர்ம்கார்ட் வந்தாள். அவளுக்கு நாற்பது வயதாகியிருந்தது. பொருளாதார நிபுணர் என்று அரசு அவளைத் தன் ஆலோசனைக் குழுவில் அமர்த்தியிருந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னாள். மூன்று சிமெண்ட் ஆலைகள் மனுக் கொடுத்திருந்தன. எங்களுக்குள் போட்டி வேண்டாம், ஒரே விலை வைத்துக்கொள்கிறோம், ஊர்களைப் பிரித்துக்கொள்கிறோம். அனுமதித்தால் இந்த மாதமே உலை மூட்டுவோம், இல்லையென்றால் வசந்தம் வரை முடியாது என்றார்கள் முதலாளிகள். வியாபாரிகள் அப்படிக் கூட்டுச் சேரக் கூடாது என்று விதி எழுதிக் கொடுத்தவளே இர்ம்கார்ட்தான். குழுவில் மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவள் கையெழுத்துதான் மிச்சம்.

சிமெண்ட் இல்லாமல் வீடுகள் எழும்பவில்லை; கூரையில்லாத ஜனங்கள் நிலவறைகளில் குடியிருந்தார்கள். அவளுடைய அம்மாவும் அங்கேதான், நெஞ்சுச் சளியோடு.

“ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் விலக்குக் கேட்கிறார்கள், ஐயா. நிபுணர் என்பவர் எந்தப் பக்கம் நிற்பது?”

அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளும் பின்னால் போனாள். ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. அதன் ஓரத்தில் பனி மூடிய நீண்ட மேடு. சிலுவை இல்லை, பெயர்ப் பலகை இல்லை.

மேட்டைப் பார்த்தபடியே அவர் சொல்லத் தொடங்கினார். இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே நான்கு ஆலைகள் இருந்தன. அவர்களும் ஒரு வருஷத்துக்குத்தான் விலக்குக் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் தொழிலாளிகள் வீட்டில் ரொட்டி இருக்காது என்றார்கள். அன்றைக்கு அரசின் நிபுணராக இருந்தது பேராசிரியரேதான். கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. நான்கு ஆலைகள் ஒன்றாயின. கொடுங்கோலர்கள் ஆட்சிக்கு வந்தபோது அந்த ஒன்று அவர்களோடு கைகோத்துக்கொண்டது. எதிர்த்து நிற்க வேறு ஆலை எதுவும் மிச்சமில்லை. போர்க் காலத்தில் கைதிகளைக் கொண்டுவந்து இங்கே கல் உடைக்கவிட்டார்கள். விழுந்து செத்தவர்களை இந்த மேட்டில் புதைத்தார்கள்.

இர்ம்கார்ட் கேட்டாள். “அந்த முதலாளிகள் உங்களிடம் பொய் சொன்னார்களா?”

“இல்லை. பசி நிஜம். பொய்யோடு வந்திருந்தால் நானே விரட்டியிருப்பேன்.”



மறுநாள் அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். ஆலைகள் சொன்னபடியே உலை மூட்டவில்லை. நிலவறைகளில் ஈரம் ஏறியது. பிப்ரவரிக் கடைசியில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். மண் இறுகிக் கிடந்ததால் குழி தோண்ட இரண்டு பேருக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது.

அடக்கத்துக்குப் பேராசிரியரும் வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு இர்ம்கார்ட் அவர் பக்கம் திரும்பினாள். 

“நான் செய்தது சரிதானே, ஐயா?”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“சரி என்று நான் சொல்லிவிட்டால், அடுத்த முறை உனக்குச் சுலபமாகிவிடும்.”