உப்பு மட்டும் வைத்த இலை

நாச்சியாரைத் திருமலைக்கொழுந்து கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை பகலில். மாசி விருந்துக்காக வாடகை நாற்காலிகள் இருநூற்றைம்பது அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. நாச்சியார் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருவார், முதுகைச் சாய்ப்பார், இடமும் வலமும் அசைவார், எழுந்து அடுத்ததற்குப் போவார். கால் ஆடிய நாற்காலிகள் ஒன்பது சுவரோரம் ஒதுங்கி நின்றன.

இதற்கெல்லாம் ஆள் போடலாமே என்று கொழுந்து கேட்டார்.

"ஆளுங்க நாற்காலியைப் பாப்பாங்க, மேனேஜரே. நான் அதுல உக்காரப் போறவங்களைப் பாக்கேன்."

கொழுந்து வாழையிலை பேசி முடிக்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. மத்தியானம் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது. அவர் நடத்திய இல்லத்தில் யார் இறந்தாலும் மற்றவர்களுக்கு அன்றைய சோறு நிற்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த வழக்கம். அவருக்காக அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த விருந்து முதன்முதலில் எப்படி நடந்தது என்பதைக் கொழுந்து அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

தென்காசியை ஒட்டிய ஒரு பழைய வீட்டில் இருந்தது அந்த இல்லம். பன்னிரண்டு கட்டில்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பி வைத்தவர்கள் அங்கே வந்து படுப்பார்கள். கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நாச்சியாரின் வேலை. அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். காவி கட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. ஆனாலும் மனசில் ஏதாவது கேள்வி முட்டினால் ஜனங்கள் அவரிடம்தான் வந்து கேட்டார்கள். சிலருக்குப் பதில் சொல்வார். சிலரைப் பாத்திரம் கழுவச் சொல்வார்.

திருமலைக்கொழுந்து சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பத்துநாலு வருஷம் விருந்துகளைக் கவனித்த மேனேஜர். கல்யாணம், கம்பெனி விருந்து, தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டும் விருந்து எல்லாம் அவர் கையில் நடந்தவை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருஷம் அவருடைய அண்ணன் இந்த இல்லத்தில் பத்தொன்பது நாள் கிடந்து, முகம் சுளிக்காமல் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்து நாச்சியாரிடம் வந்து, தன்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். குருவைவிடச் சீடனுக்குப் பன்னிரண்டு வயசு அதிகம்.

என்ன தெரியும் என்று நாச்சியார் கேட்டார். விருந்து நடத்தத் தெரியும் என்றார் கொழுந்து.

"அப்போ அதை நடத்துங்க. படிக்கதைப் பொறவு பாப்போம்."

கட்டிலில் கிடப்பவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய வலி மாத்திரை அந்த விருந்தில் வரும் பணத்தில்தான் வாங்க வேண்டும். கொழுந்து தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினார். மூன்று விதச் சீட்டு அடித்தார். ஐயாயிரம் ரூபாய்க்கு மஞ்சள் சீட்டு. கட்டடத்தை ஒட்டி முன்வரிசை, ஏர்கூலர், நாற்காலிக்கு வெள்ளைத் துணி உறை, பின்னால் ரிப்பன். ஆயிரத்துக்கு நீலம், நடு வரிசை. இருநூறுக்கு வெள்ளை, தகரப் பந்தலின் கடைசி. இந்த விலை சரிதானா என்று நாச்சியாரிடம் காட்டினார்.

ஐயாயிரம் கொடுத்தவருக்குப் பசி அதிகமாக இருக்குமோ என்று நாச்சியார் கேட்டார்.

கொழுந்து சிரித்துவிட்டு விளக்கினார். விற்பது சாப்பாடு அல்ல, மரியாதை. பெரிய கைகள் அதற்குத்தான் தாராளமாக நீளும்.

"சரி. மரியாதையை விலைக்குப் போட்டாச்சு. ஸ்டாக் எவ்வளவு இருக்கு நம்மகிட்ட?"

கொழுந்து அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். நாச்சியாரும் மேற்கொண்டு தடுக்கவில்லை. சமையல்கார முப்பிடாதிதான் வெள்ளை உறைகளைப் பார்த்துவிட்டு, "நாற்காலிக்கெல்லாம் வேட்டி கட்டி விட்டிருக்கீங்க சார். சாம்பார் கொட்டினா மாத்து வேட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

விருந்து மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. கோமதிநாயகம் என்ற ஆட்டோக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளைச் சீட்டோடு தனியே வந்தார். நேரே போய் முன்வரிசையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பரிமாறுகிறவர் உப்பு வைத்துவிட்டு நகர்ந்தார். அந்த நேரம் பார்த்து அரிசி ஆலை முதலாளி ஆவுடையப்பன் மஞ்சள் சீட்டோடு உள்ளே நுழைந்தார். முன்வரிசையில் வேறு இடம் இல்லை.

கொழுந்து குனிந்து, ஹோட்டலில் பேசும் அதே குரலில், ஐயாவின் இடம் அந்தப் பந்தலில் இருக்கிறது என்றார்.

கோமதிநாயகம் தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "தெரியாம உக்காந்துட்டேன் சார்," என்றார். எழுந்திருக்குமுன் இலையைத் தன் பக்கமாக, சாப்பிட்டு முடித்தவர் மடிப்பதுபோல மடித்தார். தான் தண்ணீர் தெளித்த இலை இன்னொருவருக்கு ஆகாது என்று நினைத்திருப்பார். பிறகு பந்தல் பக்கம் போகாமல் வாசல் பக்கம் போனார். கொழுந்து புது இலை போடச் சொன்னார். ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

சாயங்காலம் பணம் எதிர்பார்த்ததற்கு மேலேயே சேர்ந்திருந்தது. ஒரு வருஷ மாத்திரைக்குக் கவலையில்லை. கொழுந்து அந்தச் சந்தோஷத்தோடு நாச்சியாரிடம் போனார். அவர் முன்னால் எச்சில் தொட்டியிலிருந்து எடுத்த ஓர் இலை விரித்து வைத்திருந்தது. அதன் மூலையில் உப்பு மட்டும் இருந்தது.

"இந்த வாசலை விட்டு யாரும் வலியோட போகக் கூடாதுன்னுதான் இந்த வீட்டை வச்சிருக்கேன்," என்றார் நாச்சியார். "அவரு சாப்பிட்ட பொறவு வாங்க, மேனேஜரே."

சத்தம் கூட உயரவில்லை.

கொழுந்து அப்போதே நாலு அடுக்கு டிபன் கேரியரோடு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். சாப்பிட்டாச்சு சார் என்றார் கோமதிநாயகம். மறுநாள் போனார். பசியில்லை என்றார். மூன்றாம் நாள், அடுத்த வருஷ விருந்துக்கு முன்வரிசைச் சீட்டு ஒன்று காசில்லாமல் தருவதாகச் சொன்னார். ஸ்டாண்டில் எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தார்.

"அப்போ என்னை எழுப்ப மாட்டீங்க. வேற ஒருத்தரை எழுப்புவீங்க. அப்படித்தானே?"

நான்காம் நாள் கொழுந்து மன்னிப்புக் கேட்டார். கோமதிநாயகத்துக்குச் சங்கடமாகிவிட்டது.

"நீங்க மரியாதையாத்தான் சொன்னீங்க சார். அதான் கஷ்டமாப் போச்சு. திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டிட்டு அங்கேயே உக்காந்து சாப்பிட்டிருப்பேன்."

ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அவர் மனைவி சண்முகத்தாய் இரண்டு வருஷத்துக்கு முன் அந்த இல்லத்தில்தான் இறந்தாள். பதினோரு நாள் அவளுடைய ஜன்னலுக்கு வெளியே, முன்வரிசை போட்டிருந்த அதே ஓரத்தில், கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். "கால் தானா அங்க போயிட்டு," என்றார்.

அதன் பிறகும் தினம் போனார். வேறு போக்கிடமும் இல்லை. இல்லத்தின் கதவு திறந்துதான் கிடந்தது, ஆனால் சொன்ன சொல்லை மீறி அவரால் உள்ளே நுழைய முடியவில்லை. காலையில் வந்து ஸ்டாண்டின் சிமெண்டுக் கட்டையில் உட்காருவார். நம்ம ஸ்டாண்டுக்கு ஒரு மெம்பர் கூடியிருக்காரு, வண்டிதான் இல்லை என்று ஆட்டோக்காரர்கள் கேலி பேசினார்கள். நாளாக நாளாக, டீ வாங்கும்போது அவருக்கும் ஒன்று சேர்த்துச் சொன்னார்கள்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு மத்தியானம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத கொழுந்துக்குத் தலை சுற்றியது. கட்டையைப் பிடித்துக்கொண்டார். கோமதிநாயகம் ஆட்டோவைத் தள்ளிப் புளியமர நிழலில் நிறுத்தினார். பின் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அதில் உட்கார வைத்தார். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, புளிச்சோற்றில் பெரிய பாதியை மூடியில் வைத்து, தேங்காய்த் துவையலை ஓரத்தில் வழித்துப் போட்டார். தான் முன்னால் கால் வைக்கும் இடத்தில் குந்திக்கொண்டார்.

"உப்பு போதுமா பாருங்க சார்."

கொழுந்து முப்பத்துநாலு வருஷமாக மேசை மேசையாகப் போய் எல்லாம் திருப்திதானே என்று கேட்டவர். கேட்டுக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார். இந்த மனுஷன் கேட்டுவிட்டுத் தன் சோற்றில் கை வைக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போதும் என்று கொழுந்து சொன்ன பிறகுதான் அவர் சாப்பிடத் தொடங்கினார்.

அன்று பிற்பகல் கொழுந்து இல்லத்துக்குப் போய் வாசல்படிக்கு வெளியே நின்றார். அவர் சாப்பிடவில்லை, நான்தான் சாப்பிட்டேன் என்றார்.

நாச்சியார் வாசலுக்கு வந்தார்.

"வயிறு நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுது."

"உள்ள வாங்க. நாலாம் கட்டிலுக்குத் துணி மாத்தணும்."

அடுத்த மாசி நெருங்கியபோது, சீட்டுக்கு என்ன விலை போடலாம் என்று கொழுந்து மறுபடி கேட்டார். கோமதிநாயகம் அண்ணாச்சியைக் கேளுங்கள் என்றார் நாச்சியார். கேட்கப் போனதும் ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. எங்க வண்டியில மீட்டரே ஓடாது, எங்ககிட்ட வந்து விலை கேக்கீங்களே என்றார் கோமதிநாயகம். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"வயசானவங்க, சீக்காளிங்க ஏறினா நான் எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன் சார். இறங்கையில அவங்களாக் கொடுக்கதுதான். முடிச்சை அவுத்துத் தேடுவாங்க. நாம பாத்துட்டு இருந்தா கூசும். அதனால நான் முன்னால ரோட்டைப் பாத்துட்டு இருப்பேன்."

அந்த வருஷச் சீட்டு ஒரே நிறம். விலை அடிக்கவில்லை. நாற்காலிகளுக்கு உறை இல்லை, முன்வரிசை என்று ஒன்றும் இல்லை, மைக்கில் பெயர் வாசிக்கவில்லை. ஏர்கூலரைக் கொழுந்து பந்தலின் தகரம் அதிகம் காயும் கடைசிப் பக்கத்துக்கு மாற்றினார். உண்டியலைக் கொல்லையில் கை கழுவும் இடம் தாண்டி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தார். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வாசலில் நின்று வந்தவர்களை உட்கார வைத்தது கோமதிநாயகம். சீட்டையே அவர் வாங்கிப் பார்க்கவில்லை. முட்டு வலிக்காரர்களை வழியோரத்தில் உட்கார வைத்தார். தனியாக வந்தவர்களைப் பேச்சுத் துணை கிடைக்கும் இடமாகப் பார்த்துச் சேர்த்தார். ஆவுடையப்பன் முதலாளி வந்து பழக்கத்தில் முன்னால் போனார். அங்கே பூக்கட்டுகிற ஒரு பெண்ணும் அவள் தாயும் உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகம் அவரை அழைத்துப்போய் நடுவில், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கொழுந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தார். இரண்டாம் தடவையும் கேட்டார். போன வருஷம் போட்டோக்காரர் எதிரிலேயே நின்றதால் வாயைத் திறக்கவே யோசனையாக இருந்தது என்று வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்தி வரைக்கும் கோமதிநாயகம் உட்காரவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு கொழுந்து அவருக்கு இலை போட்டார். அந்த ஜன்னலுக்குக் கீழே. வா என்றோ உட்கார் என்றோ சொல்லவில்லை. உப்பு வைத்தார், சோறு வைத்தார், பருப்பு ஊற்றினார், நெய் விட்டார். கோமதிநாயகம் கை கழுவிவிட்டு வந்தார். ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்தார். மூன்று முறை சோறு வாங்கினார். முப்பிடாதி அடுப்படி வாசலில் நின்று, பாயசம் மிச்சமிருக்கிறது, இலையை மடித்துவிட வேண்டாம் என்று குரல் கொடுத்தாள்.

உண்டியலைத் திறந்து பார்த்ததில் பணம் போன வருஷத்தைவிடக் குறைவாக இருந்தது. கொழுந்து இரண்டு முறை சரிபார்த்தார். பதினொரு மாதத்துக்குத்தான் வரும். நாச்சியார் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, ஒரு மாசத்துக்கு மாத்திரை குறையுது. போன வருஷம் குறையலை."

"இன்னைக்கு யாரும் பாதியில எந்திரிச்சுப் போனாங்களா?"

"இல்லை."

நாச்சியார் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார்.

"அப்போ ஆடியில இன்னொரு தடவை கூப்பிட்டுச் சோறு போடுவோம்."

கொழுந்து இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போனார்.

ஆடியிலும் போட்டார்கள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு விருந்து என்று ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நாச்சியார் விட்டுப்போனவை நாலு வெள்ளைச் சேலையும் ஒரு மூக்குக்கண்ணாடியும். கண்ணாடியை இப்போது முப்பிடாதி போட்டுக்கொள்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பவர்.